அச்சிட்ட பி.எல்.ஏ. உள்வைப்புத் துண்டுகளில் தோன்றும் பிழைகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் இலற்றிக் அமிலத்திலிருந்து ஆக்கப்படும் பொலி இலற்றிக் அமிலம், சுருக்கமாகப் பி.எல்.ஏ., உடலுக்குள் வைத்த பின் காலப்போக்கில் கரைந்துபோகும் திருகாணி, தகடு, எலும்பு வளர்வதற்கான நுண்துளைச் சட்டகம் ஆகியவற்றுக்கு மிகுதியாகப் பயன்படும் தாவர மூலப் பல்பகுதியமாகும். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளத்திலிருந்தும் தாய்லாந்தின் ரயோங்கில் கரும்பிலிருந்தும் இது பேரளவில் உற்பத்தியாகிறது. பனங்கள்ளிலேயே இலற்றிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாக்கள் இருக்கும்போது நாம் ஏன் பனஞ்சாற்றிலிருந்து இதைச் செய்யக்கூடாது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. சர்க்கரை கிடைப்பதில் இடர் இல்லை, அமிலத்தை, இரண்டு மூலக்கூறுகள் வளையமாக இணைந்த இலற்றைட்டாக்கி, மருத்துவத் தரத்துக்குத் தூய்மைப்படுத்தி, வளையம் திறக்கும் முறையில் நீண்ட சங்கிலியாக்கும் ஆலைதான் யாழ்ப்பாணத்தில் இல்லை.

இந்த வழிமுறை, இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் சாதாரண முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஆய்வுத் துண்டுகளை அச்சிட்டு, அவற்றை வலிமைச் சோதனைக்கும் நீர்ப்பகுப்புச் சோதனைக்கும் உயிரணு வளர்ப்புச் சோதனைக்கும் உட்படுத்தும் மாணவர்களுக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர்களுக்கும் எழுதப்பட்டது. இங்கே விளையும் எந்தத் துண்டும் மனித உடலுக்குள் செல்லத்தக்கதன்று. கடையில் வாங்கும் வண்ண இழையில் என்ன நிறமி, என்ன சேர்மானம் இருக்கிறது என்று விற்பவரே அறிந்திருக்கமாட்டார். மருத்துவத் தர மூலப்பொருளைக் கொண்டு அச்சிட்டாலும், இலங்கையின் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்துகை அதிகாரசபையின் அனுமதி இன்றி அது மருத்துவச் சாதனமாகாது.

அறிகுறிகளுக்குள் நுழையுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். பி.எல்.ஏ. உடலில் கரைவதற்குக் காரணம், அதன் சங்கிலியைக் கோத்திருக்கும் எசுத்தர்ப் பிணைப்புகளை நீர் வெட்டுவதாகும். நீர்ப்பகுப்பு எனப்படும் அதே வெட்டு, களஞ்சிய அறையிலும் உலர்த்தியிலும் உருகிய இழை வெளிவரும் முனையான நொசிலிலும் கிருமிநீக்கியிலும் நடக்கிறது, சூடு கூடினால் பன்மடங்கு வேகமாக நடக்கிறது. ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும், அச்சு இயந்திரத்தின் அமைப்புகளைத் திருகத் தொடங்குமுன், பொருள் எந்த இடத்தில் நீரையும் சூட்டையும் ஒருங்கே சந்தித்தது என்று தேடுங்கள். எமது காலநிலையில் பெரும்பாலான விடைகள் அங்கேதான் இருக்கின்றன.

அச்சிடும்போது பொரிவது போன்ற ஒலி, நூல் நூலாக இழுபடுதல், மேற்பரப்பில் குமிழி

இழையில் உறிஞ்சப்பட்டிருந்த நீர் நொசிலின் 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஆவியாகி வெடிப்பதே அந்த ஒலி. குமிழியும் நூலிழுபடுதலும் கண்ணுக்குத் தெரியும் பாதிப்புகள் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத பாதிப்பு அதைவிடப் பாரதூரமானது. ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி மூலக்கூற்று நிறை ஒரு இலட்சம் என்றால், 100 கிராம் பி.எல்.ஏ.யில் இருப்பது ஆயிரத்தில் ஒரு மூல் சங்கிலிகள். அதே 100 கிராமில் 0.025 சதவீத நீர் இருந்தால் அது 0.0014 மூல். ஒரு நீர் மூலக்கூறு ஒரு பிணைப்பை வெட்டுவதால், அந்த நீர் முழுவதும் தாக்கினால் ஒவ்வொரு சங்கிலியும் சராசரியாக ஒரு தடவைக்கு மேல் வெட்டுப்படும். மூலக்கூற்று நிறை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இத்தனைக்கும் 0.025 சதவீதம், அதாவது பத்து இலட்சத்தில் 250 பகுதிகள் என்பது, பொதிசெய்யும் பிளாஸ்ரிக் தொழிலுக்கு உலர்ந்த பொருள் என்று ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை. உள்வைப்பு ஆய்வுக்கு 50 பகுதிகளுக்குக் கீழே கொண்டுவர முயல வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தானாகவே விளங்கும். பொரியும் ஒலி கேட்கும் இழையில் இருக்கும் நீரோ இவ்விரண்டையும்விட எவ்வளவோ அதிகம்.

உலர்த்தினோமே என்பதுதான் வழக்கமான மறுமொழி. எதில் உலர்த்தினீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கி ஊதும் சாதாரண உலர்த்திப் பெட்டி, குளிர்ந்த வறண்ட நாடுகளில் போதுமான வேலையைச் செய்கிறது. யாழ்ப்பாணத்தில் 30 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் உள்ள ஒரு சாதாரண நாளில், காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 25 பாகை. அந்தக் காற்றை 50 பாகைக்குச் சூடாக்கினாலும் அதன் சார் ஈரப்பதன் 25 சதவீதத்துக்குக் கீழே போகாது. அந்தச் சூழலில் இழையை எத்தனை மணித்தியாலம் வைத்தாலும் அது அந்த 25 சதவீதக் காற்றோடு சமநிலைக்கு வருமேயன்றி உலராது; மறுபுறம், ஈரமும் மிதமான சூடும் சேர்ந்த காற்றில் நெடுநேரம் கிடப்பதால் நீர்ப்பகுப்பும் மெல்ல நடந்துகொண்டிருக்கும். தொழிற்சாலைகளில் பனிபடுநிலை மறை 40 பாகையாக உள்ள காற்றை ஊதுவதற்குக் காரணம் இதுவே.

எனவே வெற்றிட உலர்த்தி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பளிங்காகாத, அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்படாத, இழையை 45 முதல் 50 பாகைக்கு மேல் சூடாக்கக்கூடாது. விறைப்பான பொருள் மென்மையாகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையான 55 - 60 பாகையை நெருங்கினால் சுருளில் உள்ள இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளிங்கான குறுணிகளை 80 பாகை வரை சூடாக்கலாம். வெற்றிட உலர்த்தி இல்லாத இடத்தில், காற்றுப்புகாத பெட்டிக்குள் நீரை உறிஞ்சும் மூலக்கூற்றுச் சல்லடைக் குறுணிகளுடன் இழையை அடைத்து, பெட்டி முழுவதையும் 45 பாகையில் வைப்பது மெதுவான, ஆனால் நம்பத்தக்க வழி. சிலிக்கா ஜெல்லைப் பயன்படுத்துவோர், நிறம் மாறியதை 120 பாகையில் மீள உலர்த்தாமல் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள்; அப்போது பெட்டிக்குள் இருப்பது வெறும் கற்கள்தான்.

உலர்ந்ததா என்று அறிய, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் பகுப்பாய்வுத் தராசு போதும். பத்துக் கிராம் இழையை வெட்டி எடுத்து, உலர்த்தும் பெட்டியிலேயே வைத்து, இடைக்கிடை நிறுத்துப் பாருங்கள். 250 பகுதி நீர் என்பது இந்தப் பத்துக் கிராமில் 2.5 மில்லிகிராம், அடுத்தடுத்த இரு நிறுவைகளுக்கிடையே அரை மில்லிகிராமும் இறங்காத நிலை வந்தால் அச்சிடலாம். நிறுக்கும்போது திறந்த தட்டில் வைக்காமல் மூடியுள்ள நிறுவைக் குப்பியில் வையுங்கள், ஏனெனில் மாரியில் மூடாமல் வைத்த மிளகாய்த்தூளைப் போல அது தராசிலேயே ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். அச்சிடும் வேளையிலும் சுருள் உலர்பெட்டிக்குள்ளேயே இருந்து, ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குச் செல்ல வேண்டும். கார்த்திகை, மார்கழியில் இது விருப்பத்துக்குரிய ஏற்பாடன்று.

மருத்துவத் தரக் குறுணிகள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்படுவதால் இன்னொரு பொறி உண்டு. குளிர்ந்த பொதியை வெளியே எடுத்தவுடன் வெட்டித் திறந்தால், பனிபடுநிலை 25 பாகையாக உள்ள எமது காற்றிலுள்ள நீர், குறுணிகளின் மேல் அப்படியே படியும். சீல் உடைக்காத பொதியை மேசையில் வைத்து, அதன் வெளிப்புறத்தில் வியர்க்கும் நீர்த்துளிகள் தாமாகவே காய்ந்து, தொட்டால் அறைச் சூட்டில் இருக்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே திறவுங்கள். ஒருமுறை திறந்த பொதியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து அடைத்தால் அடுத்த முறை முழுப் பொதியும் ஈரப்படாது.

இழை சுருளிலேயே முறிதல்

சுருளில் வளைந்த நிலையில் இருக்கும் இழையின் வெளிப்புறம் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. ஈரமும் அந்த விசையும் நாட்பட ஒன்றுசேர்ந்து நுண்வெடிப்புகளை உண்டாக்கும். உலர்த்தினால் நொறுங்குதன்மை சிறிது குறையக்கூடும். வெட்டுப்பட்ட சங்கிலி மீண்டும் சேராது. பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

காலையில் ஒழுங்காக அச்சாகி, மத்தியானத்தில் நொசில் அடைபடுதல்

இது பெரும்பாலும் சூடு மேலேறுவதால் வருவது. இழை, உருகும் இடத்துக்குச் சற்று மேலே, குளிர்ந்த பகுதியில் விறைப்பாக இருந்தால்தான் பின்னாலுள்ள இழையைப் பற்சில்லால் தள்ள முடியும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழுள்ள அறை 35 பாகையைத் தாண்டும்போது, அதற்குமேல் இயந்திரத்தின் கதவையும் பூட்டி, துண்டு படியும் 60 பாகைத் தளத்தின் சூட்டையும் உள்ளே அடைத்தால், குளிர்ந்த பகுதி என்று நாம் நம்பும் இடமே கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையைத் தொட்டுவிடும். இழை அங்கே மென்மையாகி வீங்கிச் சிக்கும். அடைப்பை எடுக்க நொசிலின் சூட்டைக் கூட்டுவது பலரது முதல் நடவடிக்கை; அது நோயை வளர்க்கும் மருந்து. கதவைத் திறவுங்கள், குளிர்த்தும் விசிறியில் படிந்த தூசியைத் துடையுங்கள், தளத்தின் சூட்டை 50 பாகைக்கு இறக்குங்கள், இழை பின்னிழுக்கப்படும் தூரத்தைக் குறையுங்கள். அறையின் சூட்டைக் குறைக்க முடியாவிட்டால் இரவில் அச்சிடுவதில் வெட்கமில்லை.

காற்பங்கு எடைக்கு எலும்பை ஒத்த கனிமத் தூள்களான ஐதரொட்சியப்பற்றைற்று அல்லது முக்கல்சியம் பொசுபேற்று கலந்த இழையாயின் 0.4 மில்லிமீற்றர் நொசிலில் அடைப்பு வருவது இயல்பு, 0.6 க்கு மாறுங்கள். இத்தூள்கள் பித்தளை நொசிலை அராவும் என்பதும், பித்தளையில் சிறிதளவு ஈயம் சேர்க்கப்படுவது வழக்கம் என்பதும் சேர்ந்து, உயிரணுச் சோதனைக்குப் போகும் எந்தத் துண்டுக்கும் கறையில் உருக்கு நொசிலையே கட்டாயமாக்குகின்றன.

திருகாணி அடுக்கு வழியே முறிதல்

முறிந்த முகத்தைக் கைவில்லையில் பாருங்கள். அடுக்கின் கோடுகள் தட்டையாக, பளபளப்பாக, ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வந்ததுபோல் தெரிந்தால் ஒட்டுதல் குறைவு. முகம் கரடுமுரடாக, பல அடுக்குகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு சென்றிருந்தால் பொருளின் வலிமையே குறைவு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒட்டுதல் குறைவாயின், புதிதாகப் படிந்த அடுக்குக்கும் கீழுள்ள அடுக்குக்கும் இடையே சங்கிலிகள் ஊடுருவிப் பின்னிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை என்பது பொருள். முனை விசிறியைக் குறைப்பது, வேகத்தைக் குறைப்பது, அடுக்கின் தடிப்பை நொசில் விட்டத்தின் பாதிக்குள் வைப்பது ஆகியன உதவும். ஆனாலும் அடுக்குகளுக்குக் குறுக்கான வலிமை, அடுக்கின் தளத்தில் உள்ள வலிமையை எட்டுவது அரிது. திருகாணியை நிமிர்த்தி அச்சிட்டால் புரி அழகாக வரும், முறுக்கும்போது கழுத்தில் முறியும். படுக்கவைத்து அச்சிட்டால் புரியின் அடிப்பக்கம் சற்றுக் கரடாக வரும், தண்டு தாங்கும். அழகை விட்டுக்கொடுப்பதே சரியான தெரிவு.

வடிவத்தால் எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பி.எல்.ஏ.யின் விறைப்பு ஏறத்தாழ 3 கிகாபஸ்கால். மனிதனின் அடர்ந்த எலும்பின் விறைப்பு 10 முதல் 20 வரை. தொடை எலும்பு முறிவின் பாரத்தைத் தாங்கும் தகட்டைப் பி.எல்.ஏ.யில் வடிவமைத்துவிட்டு அது வளைகிறதே என்று அச்சு அமைப்புகளில் குற்றம் தேடுவது வீண். மண்டையோடு, முகம், கணுக்கால் போன்ற பாரம் குறைந்த இடங்களில் இப்பொருள் பயன்படுவதற்குக் காரணமே இந்த எண்கள்தாம்.

நடுவில் மின்வெட்டு வந்து, இயந்திரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்த துண்டை வலிமைச் சோதனைக்கு எடுக்கவேண்டாம். ஆறிப்போன அடுக்கின் மேல் சூடான அடுக்கு படிந்த அந்த ஒரு கோட்டில்தான் அது முறியும்; உங்கள் சராசரியையும் அது கெடுக்கும்.

சட்டகத்தின் துளைகள் சிறுத்தல் அல்லது அடைபடுதல்

எலும்பு வளர்ச்சிக்கு ஏறத்தாழ 300 முதல் 600 மைக்ரோமீற்றர் வரையான துளைகள் விரும்பப்படுகின்றன. கணினியில் 400 என்று வரைந்த துளை, இழைக் கோடு அகலித்துப் படிவதால், கையில் 300 க்கும் கீழே வருவது வழக்கம். தனிக் கோடு ஒன்றை அச்சிட்டு அதன் அகலத்தை நுணுக்குக்காட்டியில் அளந்து, அந்த அளவை மென்பொருளுக்குக் கொடுத்து, பின்னர் துளையை வரையுங்கள். துளைக்குள் மெல்லிய நூல்கள் தொங்கினால் முதல் அறிகுறிக்குத் திரும்பிச் செல்லுங்கள், அது ஈரம்.

துண்டு பார்வைக்குக் குறையற்றது, ஆனால் பாகுநிலை இறங்கியிருக்கிறது

நான் அதிகம் கவலைப்படும் அறிகுறி இது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாதது, சோதனை செய்யாதவருக்குத் தோன்றவே தோன்றாதது. அச்சிடுமுன் உள்ள குறுணி, இழையாக்கிய பின் உள்ள இழை, அச்சிட்ட துண்டு, கிருமிநீக்கிய துண்டு ஆகிய நான்கு நிலைகளிலும் மூலக்கூற்று நிறையை அளந்தாலன்றி எங்கே இழப்பு நடந்தது என்று சொல்ல முடியாது. சங்கிலி குறுகினால் கரைசலின் பாகுநிலையும் இறங்கும் என்பதால், நேரடியாக அளக்கும் நிறப்பகுப்புக் கருவி கிடைக்காதவர்கள், குளோரோபோமில் கரைத்து, உபலோட் பாகுநிலைமானியில் ஓடும் நேரத்தை அளந்து ஒப்பிடலாம். கண்ணாடிக் குழாயும் நிறுத்தற் கடிகாரமும் நீர்த்தொட்டியும் போதும்.

நீர்த்தொட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூல்களில் உள்ள பெறுமானங்கள் பெரும்பாலும் 25 பாகைக்குரியவை. சூடாக்கி மட்டும் உள்ள தொட்டியால், 31 பாகை அறையில் நீரை 25 க்கு இறக்க முடியாது. தொட்டியின் வெப்பநிலையை 25 என்று அமைத்துவிட்டு, உண்மையில் 31 இல் உள்ள நீரில் அளந்து, பல்பகுதியம் சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. குளிரூட்டும் சுற்று இல்லையேல், 35 பாகையைத் தெரிந்தெடுத்து, தூய குளோரோபோமின் ஓடும் நேரத்தையும் அதே சூட்டில் அளந்து, உங்கள் மாதிரிகளை உங்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். குளோரோபோம் 61 பாகையில் கொதிப்பது. எமது அறைச் சூட்டில் விரைந்து ஆவியாகிக் கரைசலின் செறிவை மாற்றிவிடும் என்பதால் குப்பிகளை மூடியே வையுங்கள், புகையகற்றிக்குக் கீழேயே வேலை செய்யுங்கள்.

இழப்பு நொசிலில் நடந்ததென்று தெரிந்தால் மூன்று காரணங்களை வரிசையாக நீக்குங்கள். ஈரம் முதலாவது, அதைச் சொல்லியாயிற்று. சூடு இரண்டாவது: 200 பாகைக்கு மேல் ஏற ஏற, நீர் துளியும் இல்லாவிட்டாலும் சங்கிலிகள் தம்மைத்தாமே வளைத்து வெட்டி இலற்றைட்டாக மீளும், ஊக்கியாகச் சேர்த்த வெள்ளீயச் சேர்வையின் எச்சம் அதை விரைவுபடுத்தும். தங்கும் நேரம் மூன்றாவது: நுண்ணிய துண்டை மெதுவாக அச்சிடும்போதும், தளம் சூடாகட்டும் என்று நொசிலைச் சூட்டோடு காக்கவைக்கும்போதும், உள்ளே இருக்கும் பொருள் வெந்துகொண்டிருக்கிறது. தளத்தை முதலில் சூடாக்கி, நொசிலைக் கடைசியில் சூடாக்கி, முதலில் வரும் சிறு நீள இழையை வெளியே தள்ளி எறிந்துவிட்டு அச்சிடுங்கள். மேலும், இவ்வாறு பிறந்த இலற்றைட்டு துண்டுக்குள்ளேயே தங்கி, பின்னர் உடலில் நீர்ப்பகுப்பை விரைவாக்கும். ஆகவே அச்சுச் சூட்டைக் கூட்டி அடுக்கின் ஒட்டுதலை வென்றவர், துண்டின் ஆயுளில் அதற்கு விலை கொடுக்கிறார். அந்த இரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதை ஒட்டுதல் சோதனையையும் பாகுநிலையையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கிருமிநீக்கிய பின் துண்டு கோணுதல், மங்குதல், நொறுங்குதல்

கோணி வெண்மையாக வந்தால் யாரோ அதை 121 பாகை நீராவிக்குள் வைத்திருக்கிறார்கள். வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கிருமிநீக்கி நீராவிக் கலம் ஒன்றே என்பதால் இது நடக்கிறது. கண்ணாடி நிலைமாறு வெப்பநிலையின் இரட்டிப்புச் சூட்டில், அழுத்தமுள்ள நீராவியில், துண்டு வடிவத்தையும் இழக்கிறது, சங்கிலியையும் இழக்கிறது. முன்கூட்டியே 100 பாகையளவில் பதப்படுத்திப் பளிங்காக்கிய துண்டு கோணாமல் வெளியே வரக்கூடும். அது கூடுதல் ஆபத்து, ஏனெனில் நீர்ப்பகுப்பு அப்போதும் நடந்திருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கும் கோணல் மட்டும் இல்லை.

காமாக் கதிரால் வழமையான 25 கிலோகிரே கதிரளவு கொடுத்த துண்டு கோணாது. சிலவேளை சற்று மஞ்சளாகும். கதிர் சங்கிலிகளை எழுந்தமானமாக வெட்டுவதால் மூலக்கூற்று நிறை தெளிவாகக் குறையும். உலர்ந்த நைதரசன் பொதியில், குளிர்நிலையில் கொடுத்தால் இழப்புக் குறையும். எதிலீன் ஒட்சைட்டு வாயு சங்கிலியை அவ்வளவாகத் தொடாது, ஆனால் அம்முறைக்கு ஈரப்பதனும் மிதமான சூடும் தேவை. 40 பாகைக்கு அண்மித்த சுற்றைக் கேளுங்கள், 55 பாகைச் சுற்றை மறுத்துவிடுங்கள். வாயுவின் எச்சம் துண்டிலிருந்து வெளியேறக் காற்றோட்டத்தில் விட வேண்டும், எச்சத்தின் எல்லையை மருத்துவச் சாதனங்களுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 10993 தொடரின் 7 ஆம் பகுதி வகுக்கிறது. ஐதரசன் பேரொட்சைட்டுப் பிளாஸ்மா 50 பாகையளவில் முடிந்துவிடுவதால் பி.எல்.ஏ.க்கு ஏற்றது, கடதாசிப் பொதி அவ்வாயுவை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்குரிய செயற்கை நார்ப் பொதியில் அனுப்புங்கள்.

70 சதவீத எதனோலில் ஊறவைப்பது பற்றீரியாவைக் கொல்லும், வித்திகளைக் கொல்லாது. உயிரணு வளர்ப்புக்கு அது பல இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படும் வழக்கம். அதைக் கிருமிநீக்கம் என்று அறிக்கையில் எழுதக்கூடாது.

நீர்ப்பகுப்புச் சோதனை: எடை குறையவில்லை, ஆனால் துண்டு விரலில் நொறுங்குகிறது

இது பிழையன்று. 37 பாகையில், பீஎச் 7.4 பொசுபேற்றுத் தாங்கல் கரைசலில் முதலில் இறங்குவது மூலக்கூற்று நிறை, அதன் பின் வலிமை, எடை கடைசியில். வெட்டுப்பட்ட துண்டங்கள் நீரில் கரையுமளவு குறுகினால் மட்டுமே வெளியேறும் என்பதால் எடை நெடுங்காலம் அசையாது. எடையை மட்டும் அளந்து, பொருள் நிலைத்திருக்கிறது என்று எழுதிய அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும்.

கரைசலின் பீஎச் இறங்கினால் கரைசல் போதவில்லை. ஒரு கிராம் துண்டுக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறையாமல் ஊற்றி, பீஎச் 7.2 ஐத் தாண்டி இறங்குமுன் மாற்றுங்கள். பாசி அல்லது பூஞ்சணம் தெரிந்தால் அந்தக் குப்பியைக் கைவிடுங்கள். கரைசலில் சிறிதளவு சோடியம் அசைட்டு சேர்ப்பது வழக்கம், நச்சு என்பதால் கையுறையோடு.

துண்டை வெட்டிப் பார்த்தபோது வெளித்தோல் திடமாகவும் உட்புறம் பசையாகவும் இருந்தால் தன்னூக்கம் நடந்திருக்கிறது. உள்ளே பிறக்கும் அமில முனைகள் வெளியேற வழியின்றித் தேங்கி, மேலும் வெட்டை ஊக்குகின்றன. மேற்பரப்பிலோ அமிலம் கரைசலுக்குள் போய்விடுகிறது. பிரான்சின் மொன்ற்பெலியேயில் மிஷெல் வேர்ட்டும் அவரது குழுவினரும் 1990 ஆம் ஆண்டளவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வடிவமைப்பாளருக்கு இதிலிருந்து கிடைப்பது, தடித்த துண்டு மெல்லியதைவிட நெடுநாள் நிற்கும் என்ற உள்ளுணர்வு இங்கே தவறும் என்பது. நீண்ட ஆயுள் வேண்டுமென்று சுவரைத் தடிப்பாக்காதீர்கள்; மெல்லிய சுவர்களாகப் பிரித்து, இடையே திரவம் ஓடும் வழி விடுங்கள், அல்லது அமிலத்தை நடுநிலையாக்கும் முக்கல்சியம் பொசுபேற்றைக் கலவுங்கள்.

காத்திருக்க நேரமில்லை என்று 70 பாகையில் சோதித்தால் முடிவு கிடைக்கும், ஆனால் அது வேறொரு பொருளின் முடிவு. கண்ணாடி நிலைமாறு வெப்பநிலைக்கு மேலே சங்கிலிகள் அசைந்து பளிங்காகும், நீர் வேறு வேகத்தில் ஊடுருவும். ஈரமேறிய பி.எல்.ஏ.யில் அந்த எல்லையே பல பாகைகள் கீழிறங்கிவிடுகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். இடது வகை இலற்றைட்டால் மட்டும் ஆன பளிங்கு வகை உடலில் முழுதும் மறைய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் எடுக்கும். இடதும் வலதும் கலந்த பளிங்கற்ற வகை ஏறத்தாழ ஓராண்டு தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள் கரையும். பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்கு முன்னதைத் தெரிந்தெடுக்கும் மாணவர் எதைக் காணப்போகிறார் என்று மேற்பார்வையாளர் முதல் நாளே கேட்டுவிடுவது நன்று.

உயிரணுக்கள் ஒட்டவில்லை, வளர்ப்பூடகம் மஞ்சளாகிறது

ஊடகத்தின் சிவப்புச் சாயம் மஞ்சளானால் அமிலம். ஊடகம் கலங்கியும் இருந்தால் பற்றீரியாத் தொற்று. தெளிவாக இருந்தபடியே முதல் நாளிலேயே மஞ்சளானால் துண்டிலிருந்து வெளியேறும் இலற்றைட்டும் அமிலமும். அச்சுச் சூட்டையும் ஈரத்தையும் பற்றி மேலே சொன்னவற்றுக்குத் திரும்புங்கள். துண்டைச் சோதனைக்கு முன் குளிர்ந்த தாங்கல் கரைசலில் கழுவுவது அறிகுறியைத் தணிக்குமே தவிரக் காரணத்தை நீக்காது. ஊடகம் சிவப்பாகவே இருந்தும் உயிரணுக்கள் உருண்டு மிதந்தால், பி.எல்.ஏ.யின் மேற்பரப்பு நீரை விரும்பாதது என்பதே காரணம். ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் சில நிமிடம் தோய்த்துக் கழுவுவது மேற்பரப்பை நீர்விரும்பியாக்கும். நீடித்தால் மெல்லிய சட்டகத்தின் கோடுகளையே அது தின்றுவிடும்.

நோயாளிக்கு நெடுநாள் கழித்து வீக்கம்

இது உங்கள் மேசைக்கு வரும் அறிகுறியன்று, ஆனால் உங்கள் மேசையில் தொடங்குவது. நெதர்லாந்தில் கன்ன எலும்பு முறிவுக்கு வைத்த, மிகுந்த பளிங்குத்தன்மை கொண்ட பி.எல்.ஏ. தகடுகளும் திருகாணிகளும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வீக்கத்தை உண்டாக்கியதைப் பேர்க்ஸ்மாவும் குழுவினரும் 1993 இல் அறிவித்தார்கள். பளிங்கற்ற பகுதி கரைந்தபின் எஞ்சிய நுண்பளிங்குத் துணுக்குகளை உடல் வேற்றுப்பொருளாகவே தொடர்ந்து கண்டது. முகத் தகடுகளில் 82 சதவீத இலற்றைட்டும் 18 சதவீத கிளைக்கொலைட்டும் சேர்ந்த, பளிங்காகாத கலப்புப் பல்பகுதியங்கள் இடம்பிடித்ததன் பின்னணி இதுவே. ஆகவே வலிமை கூடட்டும் என்று துண்டை உலையில் பதப்படுத்திப் பளிங்காக்குமுன், அந்த வலிமை எத்தனை கிழமைக்குத் தேவை என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். முக எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டுக் கிழமை போதுமாயின், ஐந்தாண்டு நிற்கும் பளிங்கு யாருக்கும் பயனில்லை.

எக்ஸ்-கதிர்ப் படத்தில் துண்டு தெரியவில்லை

தெரியாது. காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டுமே உள்ள பொருள் கதிரைத் தடுக்காது. 2016 இல் அமெரிக்க அனுமதி பெற்று 2017 இல் விற்பனை நிறுத்தப்பட்ட அப்சோர்ப் என்னும் பி.எல்.ஏ. இதய நாடிச் சட்டகத்தில்கூட, இரு முனைகளிலும் பிளாற்றினப் புள்ளிகள் பதித்தே இடத்தைக் கண்டுபிடித்தார்கள். விலங்கு மாதிரி எலும்பில் பொருத்திப் படமெடுக்கும் ஆய்வாயின், துண்டு முழுவதிலும் பேரியம் சல்பேற்றைக் கலந்து அதன் வலிமையையும் நீர்ப்பகுப்பையும் மாற்றிக்கொள்வதைவிட, துண்டிலும் அதையொட்டிய எலும்பிலும் தந்தலம் என்னும் உலோகத்தின் சிறு குண்டுகளை வைப்பது நேரிய வழி. எலும்பின் அடியில் துண்டு எங்கே கிடக்கிறது என்பதைக் குண்டுகளின் இடைத்தூரம் காட்டும். அடுத்தடுத்த படங்களில் அந்தத் தூரம் மாறினால், துண்டு தளர்ந்துவிட்டது என்பதும் அதிலேயே தெரியும்.